பிரிட்டோவிடம் வராத பந்துகள்

அன்று கிழக்குப் படிக்கட்டில் இருந்தவர்கள்: செயலாளர் ராஜமாணிக்கம், அவருக்கு வலப்பக்கம் பொருளாளர் வைத்தி, இடப்பக்கம் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்த உதவித் தலைவர், ஆக நிர்வாகம் மூன்று, ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் ஆறு, பாலிடெக்னிக் பையன்கள் ஒன்பது, இடது ஓரம் காக்கும் லெஃப்ட் பேக் பிரிட்டோவின் அத்தை ரெஜினா, அவள் குடைக்குள் பாதியாக ஒண்டியிருந்த பக்கத்து வீட்டுக்காரி, ஆக பெண்கள் இரண்டு, டீ கேனோடு ஜலீல் பாய், காலடியில் ஒரு சாக்கு மூட்டையை வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்த கரூர் ஆள், துரைக்கண்ணு, துரைக்கண்ணு எங்கே போனாலும் கூடவே வரும் அவன் மைத்துனன், கடைசியாக, மேலிருந்து இரண்டாவது படியில், நோட்டும் கையுமாகச் சவரிமுத்து. மொத்தம் இருபத்தைந்து. காலனி நாயும் இருந்தது. ஆனால் அது நினைத்தபோதெல்லாம் மைதானத்துக்குள் போய் வந்துகொண்டிருந்ததால் சவரிமுத்து அதைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் எந்தப் பக்கம் சேர்ப்பது?

இடைவேளை முடிந்து விசில் ஊதியபோது மணி நாலு ஐம்பத்தைந்து. கிழக்கு முனைக் கால்பந்துக் கழகம் ஒன்று, துறையூர் பூஜ்யம். சவரிமுத்து நேரத்தை எழுதினார், பென்சிலின் முனையைப் பார்த்தார், இன்னும் நாற்பத்தைந்து நிமிஷத்துக்குத் தாங்கும் என்று முடிவு செய்தார். எழுபத்தொரு வயது. எட்டாவது வரை படிப்பு. பட்டறையில் முப்பத்துமூன்று வருஷம் டூல் ரூம் வேலை. பித்தளைப் பில்லையைக் கொடுத்துவிட்டுக் கருவியை வாங்கிப் போவார்கள், கருவியைக் கொடுத்துவிட்டுப் பில்லையை வாங்கிப் போவார்கள். சாயங்காலம் ஆணியில் ஒரு பில்லை தொங்கினாலும் ஒரு கருவி வெளியே இருக்கிறது என்று அர்த்தம், அது வரும்வரை அவர் வீட்டுக்குப் போக மாட்டார். அந்த வேலையில் ஒரு சௌகரியம், பேச வேண்டியதில்லை. ஜன்னல் வழியாகக் கை வரும், கை போகும். முகம்கூடப் பல பேருக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டபோது, "ஓ, இவருதானா அந்தக் கை!" என்று யாரோ சொன்னார்கள், எல்லாரும் சிரித்தார்கள், அவருக்கும் சிரிப்பு வந்தது. மைதானத்துக்கு வருவதும் முப்பத்தொரு வருஷமாக. வந்தால் சும்மா உட்கார முடியவில்லை. கார்னர் எத்தனை, த்ரோ எத்தனை, ஒவ்வொருவனும் பந்தைத் தொட்டது எத்தனை. நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, அது ஐந்து. வீட்டில் மனைவி மரியபுஷ்பம் சொல்வாள், "நீங்க பேசுற வார்த்தைய நான் எண்ணி வச்சிக்கிறேன், அதுக்கு நோட்டே வேணாம், பத்து வெரல் போதும்." நேற்று எத்தனை பேசினோம் என்று யோசித்தார். காலையில், "உப்பு." ராத்திரி, "போதும்." இடையில் இன்னும் ஏதோ ஒன்று இருந்தது.

ஆட்டத்தைப் பார்க்காமல் செயலாளரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சட்டென்று தெரிந்தது. மூன்று படி கீழே அந்த முதுகு. வெள்ளைச் சட்டை. முதுகில் ஒன்றுமில்லை, முன்னால் பாக்கெட்டில்தான் இருக்கிறது, நாலாக மடித்த தாள். ரிலீஸ் லெட்டர். பிரிட்டோவை விடுவிக்கிறோம், கரூர் அணிக்குப் போக ஆட்சேபணை இல்லை. முத்திரை குத்தியாகிவிட்டது. செயலாளர் கையெழுத்தும் உதவித் தலைவர் கையெழுத்தும் பாக்கி. ஆட்டம் முடிந்ததும் போட்டு, கரூர் ஆள் மோட்டார் சைக்கிளில் எடுத்துப்போய் ஆறு மணிக்குள் கால்பந்துச் சங்க அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். ஆறு மணிக்கு மேல் இந்த வருஷம் யாரும் எங்கும் மாற முடியாது. பிரிட்டோவுக்கு மாற்றாக வருவது ஒரு ஆள் என்றாலாவது மனசு ஆறும். வருவது அந்தச் சாக்கு மூட்டை. உள்ளே இரண்டு புது நைலான் வலை. கோல் கம்பத்துக்குக் கட்டுகிற வலை. "நம்ம வலையப் பாருங்க, பசு மாடு புகுந்து போகும். வல பத்து வருஷம் வரும், லெஃப்ட் பேக் எத்தன வருஷம் வருவான்?" என்று செயலாளர் கமிட்டியில் கேட்டாராம். ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லையாம். பதில் தெரிந்தவர் கமிட்டியில் இல்லை, கமிட்டி அறைக்கு வெளியே செருப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். பதினோரு ஜோடி. அதில் ஒன்று வலது மட்டும்.

இதில் ஒருவர் மேல்தான் கோபப்படலாம் என்றால் அதுவும் தன் மேல்தான் பட வேண்டும். பதினாறு நாள் முன்பு, ஜலீல் பாய் கேனுக்குப் பக்கத்தில், கையில் டீ. "அண்ணே, ஒங்க நோட்டுல யாரு ரொம்பக் கம்மியா பந்து தொட்டிருக்கான்?" என்று ராஜமாணிக்கம் கேட்டார். முப்பத்தொரு வருஷத்தில் நோட்டைப் பற்றி நிர்வாகம் கேட்ட முதல் கேள்வி. சவரிமுத்து நோட்டைப் புரட்டினார். "பிரிட்டோ," என்றார். "எத்தன?" "ஆட்டத்துக்குப் பதினாலு." "மத்தவங்க?" "நாப்பது, அம்பது." ராஜமாணிக்கம் தொடையில் தட்டிக்கொண்டார். "பாத்தியா வைத்தி, நான் சொன்னேன்ல, பய சும்மா நிக்கிறான்னு! புள்ளிவிவரம் பொய் சொல்லாதுய்யா." அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் வாயில் டீ இருந்தது, சூடான டீ, விழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை, அது ஆறுவதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். எண் சரியான எண். இன்று வரை சரிபார்த்துவிட்டார், மூன்று முறை. பதினாலு. அதில் ஒரு பிசகும் இல்லை. பிசகு இல்லாத எண்ணை வைத்துக்கொண்டுதான் பையனை ஊரைவிட்டு அனுப்புகிறார்கள்.

துரைக்கண்ணு கத்தினான். "டேய் மொட்ட, பாஸ் குடுறா! ஒனக்குச் சீர் வரிசையாடா குடுத்தாங்க அந்தப் பந்த, கட்டிப் பிடிச்சிக்கிட்டு ஓடுற?" மைத்துனன், "ஆமாடா!" என்றான். மைத்துனன் எப்போதும் அதைத்தான் சொல்வான். துரைக்கண்ணு போலக் கத்த முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். வருஷ ஆரம்பத்தில் அணியில் இருபத்துநாலு பேர் இருந்தார்கள். போனவர்கள் எட்டு. செயலாளர் வீட்டுக் காதுகுத்துக்கு வராததால் ரைட் விங் ஸ்டாலின், ஒன்று. இரட்டையர் இருவர், எவன் கோல் போட்டான் என்று தெரியாமல் வேறு எவனுக்கோ மாலை போட வேண்டியிருக்கிறது என்பதால், மூன்று. முடிக்குச் செம்பட்டைச் சாயம் அடித்தவன், நாலு. சிங்கப்பூர் போனவர்கள் இருவர், ஆறு, அதை யார் மேலும் போட முடியாது. இன்னும் இருவரைக் கொடுத்து இரண்டு கோல்கீப்பர்களை வாங்கினார்கள். எட்டு போய் இரண்டு வந்து, இப்போது பதினெட்டு. இந்தப் பதினெட்டில் கோல்கீப்பர் மட்டும் நாலு பேர். ஏதோ ஒரு வருஷம் இறுதி ஆட்டத்தன்று கோல்கீப்பருக்கு மஞ்சள்காமாலை வந்து, ராஜமாணிக்கமே உள்ளே இறங்கி நின்று ஒன்பது கோல் வாங்கினார். சவரிமுத்துவின் நோட்டில் அது இருக்கிறது. ஒன்பதில் ஏழு கால் நடுவே போனவை. அன்றிலிருந்து எந்த ஊரில் எந்தக் கோல்கீப்பர் சும்மா இருந்தாலும் ராஜமாணிக்கத்துக்குத் தூக்கம் வராது. மனிதன் கெட்டவன் இல்லை. பயந்தவன். பயத்தில் கோல்கீப்பர் சேர்க்கிறவனும் உண்டு, பயத்தில் வாயை மூடிக்கொள்கிறவனும் உண்டு. லெஃப்ட் பேக் ஒன்றே ஒன்று. இன்று சாயங்காலத்தோடு அதுவும் இல்லை.

அந்த ஒன்று இப்போது கண்ணெதிரே நின்றது. முதல் பாதியில் பிரிட்டோ அந்தப் பக்கம் ஆடினான், பக்கம் மாறியதால் இப்போது கிழக்குப் படிக்கட்டுக்கு நேரே, கூப்பிட்டால் கேட்கிற தூரம். ரெஜினா கூப்பிட்டாள். "டேய் பிரிட்டோ, சாக்ஸ ஏத்தி விடுறா, பாக்கச் சகிக்கல!" அவன் திரும்பாமலே குனிந்து ஏற்றிவிட்டான். ஒல்லி. டயர் கடையில் வேலை. சவரிமுத்துவும் அவனும் இதுவரை பேசிக்கொண்டது மொத்தம் நாலு வார்த்தை. இவர், "நல்லா ஆடினே." அவன், "சரிங்க ஐயா." இரண்டு பேரும் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள், இரண்டு பேருக்கும் காது சூடாகிவிட்டது. அவன் எப்படி நிற்கிறான் என்பதை யாராவது பார்க்க வேண்டும். ஓடுகிறவனைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். துறையூரின் பத்தாம் நம்பர் பந்தோடு தலையைத் தூக்கி இந்தப் பக்கம் பார்ப்பான், பிரிட்டோ அதற்குள் ஒன்றரை அடி உள்ளே வந்திருப்பான், அவ்வளவுதான், பத்தாம் நம்பர் மனசு மாறி அந்தப் பக்கம் அடித்துவிடுவான். இப்போதும் அதுதான் நடந்தது. பந்து அந்தப் பக்கம். நோட்டில் பிரிட்டோவுக்கு ஒரு கோடும் ஏறவில்லை. ஒரு வேலை நடந்து முடிந்துவிட்டது, எழுத ஒன்றுமில்லை. பட்டறையில் அந்தப் பெரிய ஸ்பேனர், ஒரு ஆள் நீளம், வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வெளியே போகும். ஒரு அதிகாரி பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "இது எத்தன தடவ போச்சு?" என்றார். "ரெண்டு தடவைங்க." பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டார்கள், பழைய இரும்போடு போய்விட்டது. மூன்றாம் மாதம் கிரேன் கொக்கியின் நட்டைக் கழற்ற அது இல்லை, மூன்று நாள் கிரேன் நின்றது, மூன்று நாளும் அதன் மேல் காக்கை உட்கார்ந்திருந்தது, டூல் ரூம் ஜன்னல் வழியாகத் தெரியும். காக்கை அவரையே பார்ப்பது போல இருக்கும். கேட்டதற்குப் பதில் சொன்னேன் என்று காக்கையிடம் சொல்லிக்கொண்டார். அன்றும் அதுதான், "ரெண்டு தடவைங்க."

சரி, சொல்லிவிடலாம். எழுந்து, மூன்று படி இறங்கி. என்ன சொல்வது? 'பிரிட்டோவிடம் பந்து வராததற்குக் காரணம் அவன் நன்றாக ஆடுவதுதான்.' ஏழு வார்த்தை. மறுபடி எண்ணினார், ஏழுதான். ரொம்ப நீளம், நடுவில் குரல் போய்விடும். 'பந்து அவனிடம் வரப் பயப்படுகிறது.' நாலு. இது பரவாயில்லை, ஆனால் சிரிப்பார்கள், பந்துக்கு என்ன பயம் என்பான் துரைக்கண்ணு, ஆமாடா என்பான் மைத்துனன். அதோடு, எப்படிக் கூப்பிடுவது? செயலாளர் அவர்களே என்றால் மேடைப் பேச்சு. சார் என்றால், அவரோ நம்மை அண்ணே என்கிறார், நாம் சார் என்றால் அவருக்குச் சங்கடம். ராஜமாணிக்கம் என்று பெயர் சொல்லிக் கூப்பிட இன்னொரு பிறவி எடுக்க வேண்டும். தம்பி? தம்பி என்றால் ஏதோ அறிவுரை சொல்ல வந்தது போல. கல்யாணத்தன்று கோயிலில் சாமியார், இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்டபோது இவர் சொன்ன பதில் யாருக்கும் கேட்கவில்லை. மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை மரியபுஷ்பமே, "ஏத்துக்கிறாராம் சாமி," என்று சொல்லிவிட்டாள். கோயிலே சிரித்தது. அவள் இப்போது இங்கே இருந்தால், "வேணாமாம்யா, அவன விடாதீங்களாம்," என்று ஒரே வாக்கியத்தில் முடித்திருப்பாள். அவள் வீட்டில் இருக்கிறாள், கொண்டைக்கடலை ஊறப்போட்டிருக்கிறாள். சவரிமுத்து தன்னையறியாமல் சிரித்தார், பென்சில் கோடு கோணலாக விழுந்தது, அழித்து நேராக்கினார்.

மணி ஐந்து எட்டுக்கு அது நடந்தது. ராஜமாணிக்கம் எழுந்து, எல்லைக்கோட்டருகே நின்ற கோச் இப்ராஹிமைக் கைதட்டிக் கூப்பிட்டார். "மாஸ்டர்! பிரிட்டோவ எடுத்திருங்க. போற பயலுக்கு என்னாத்துக்கு ஆட்டம்?" "அவன எடுத்தா அந்த எடத்துல நிக்க ஆளில்லயே சார்." "நிக்கிறதுக்கு ஆளா இல்ல? குணாளன எறக்குங்க, நல்ல ஒயரம்." "சார், குணாளன் கோல்கீப்பர்." "இருக்கட்டுமே! சும்மா நிக்கிறதுக்கு எவனா இருந்தா என்ன?" இப்ராஹிம் வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை போல, கையைத் தூக்கினார். பிரிட்டோ வெளியே வந்தான். வெளியே வந்தவன் மறுபடி உள்ளே போக முடியாது, லீக் சட்டம். வந்தவன் நேராகப் படிக்கட்டின் ஓரத்துக்கு வந்து, அத்தையின் காலடியில் உட்கார்ந்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்டி, மறுபடி அவிழ்த்தான். "என்னடா, அடிபட்டுருச்சா?" என்றாள் ரெஜினா. அவன், "இல்ல," என்றான். அவளுக்கு ரிலீஸ் லெட்டர் பற்றித் தெரியாது. அவனுக்குத் தெரியும், சாக்கு மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் எடைக்கு எடை அது இருக்குமா என்று பார்ப்பது போல. சவரிமுத்து அவனைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார். வெற்றுப் பக்கம். மேலே ஒரு கோடு போட்டு, இடது ஓரம் என்று எழுதினார். பிரிட்டோ இருந்த ஐம்பத்தெட்டு நிமிஷத்தில் அந்த ஓரமாகத் துறையூர் வந்தது எத்தனை? பழைய பக்கத்தில் தேடிக் கூட்டினார். இரண்டு. கீழே புதிதாக எண்ணத் தொடங்கினார்.

எண்ண நேரமே இருக்கவில்லை. பத்தாம் நம்பர் தலையைத் தூக்கினான், இந்தப் பக்கம் பார்த்தான், பார்த்தவன் தன் அதிர்ஷ்டத்தை நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தான். கதவு திறந்திருந்தது. குணாளன் ஆறடி இரண்டங்குலம், கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கல்யாணவீட்டுப் புது மாப்பிள்ளை போல நின்றான், பந்து அவனைத் தாண்டிப் போனது. ஒன்று. மறுபடி வந்தது. இரண்டு. "மூணு," என்றார் சவரிமுத்து. வாய்விட்டுச் சொல்லிவிட்டார். துரைக்கண்ணு திரும்பினான். "என்னாண்ணே மூணு?" சவரிமுத்து இடது ஓரத்தைக் கை காட்டினார், அங்கே நாலாவது வந்துகொண்டிருந்தது. துரைக்கண்ணுவுக்குப் புரிந்ததோ என்னவோ, எண்ணுவது அவனுக்குப் பிடித்துப்போனது. "நாலு!" என்று கத்தினான். "ஆமாடா!" என்றான் மைத்துனன். அஞ்சுக்கு ஆட்டோ ஸ்டாண்டு சேர்ந்துகொண்டது. ஆறுக்குப் பாலிடெக்னிக் பையன்கள் ஒன்பது பேரும் கை தட்டினார்கள். "ஏழு!" என்று படிக்கட்டு முழுக்கக் கத்தியது, எதை எண்ணுகிறோம் என்று இரண்டு பேருக்கு மேல் தெரியாது, கரூர் ஆள்கூடச் சாவியைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டு, "எட்டு," என்றான். ராஜமாணிக்கம் திரும்பி, தன் அணிக்குத்தான் இந்த உற்சாகம் என்று நினைத்துக் கையை ஆட்டினார். சவரிமுத்துவுக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் பெருமை. என் எண், இத்தனை வாயில். முப்பத்தொரு வருஷம் நோட்டுக்குள் கிடந்த எண்கள் எல்லாம் எழுந்து நின்று கத்துவது போல இருந்தது. ஒன்பது, பத்து. பதினொன்றாவது உயரமாக வந்தது. பெனால்டி பாக்ஸுக்குள் குணாளன் அதைப் பார்த்தான். பார்த்ததும் அவன் முகத்தில் இருந்த குழப்பமெல்லாம் போய்விட்டது, தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் கண்டது போல ஒரு நிம்மதி. துள்ளினான். இரண்டு கையையும் நீட்டி, விரல் விரித்து, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெத்தென்று இறங்கினான். அவ்வளவு சுத்தமாகப் பிடித்த பந்தை அந்த மைதானம் பார்த்துப் பல வருஷம். எல்லாரும் கை தட்டிவிட்டார்கள். உதவித் தலைவர்கூடத் தூக்கத்தில் தட்டினார். அப்புறம்தான் விசில்.

"அட லூசுப் பயலே!" என்று துரைக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டான். குணாளன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே, யாரைப் பிடித்தோம் என்று தெரியாத போலீஸ்காரர் போல நின்றான். பெனால்டி. பத்தாம் நம்பர் பந்தை வைத்தான். சவரிமுத்து கண்ணை மூடிக்கொள்ள மாட்டார், மூடினால் எண்ணிக்கை போய்விடும். அடித்தான். உள்ளே நின்ற அசல் கோல்கீப்பர் சலீம் வலப்பக்கம் பாய்ந்து, விரல் நுனியால் அதைக் கம்பத்துக்கு வெளியே தள்ளிவிட்டான். ஜலீல் பாயின் கேன் உருண்டது, நாய் உள்ளே ஓடியது, ரெஜினாவின் குடை பறந்தது. எல்லாரையும்விட அதிகமாகக் குதித்தவர் ராஜமாணிக்கம். "பாத்தியா வைத்தி! கோல்கீப்பர்னா கோல்கீப்பர்! ஒருத்தன் புடிச்சான், ஒருத்தன் தட்டுனான்! லெஃப்ட் பேக்காம் லெஃப்ட் பேக்கு! வல ஒண்ணுதான் நமக்குக் கொறச்சல்." அப்படியே பாக்கெட்டிலிருந்து தாளை எடுத்தார். ஆட்டம் முடியட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை. சவரிமுத்துவுக்கு உலகத்தின் மேலேயே ஒரு மரியாதை வந்தது. இவ்வளவு தெளிவாக ஒரு பாடம் நடத்தினால் இவ்வளவு அழகாகத் தப்பாகவும் படிக்க முடியும். யாராவது சொன்னால்தான் உண்டு. யாராவது என்றால் யார்? பதினாலு என்று எவன் சொன்னானோ அவன். பன்னிரண்டு. பதிமூன்று. வைத்தியின் பேனா எழுதவில்லை, உதறினார், வைத்தியின் வேட்டியிலேயே மை தெறித்தது, இப்போது எழுதியது. பதினாலு. ராஜமாணிக்கம் தாளை முழங்காலில் வைத்து நீவினார். பதினைந்து. "மொதல்ல ஒங்க கையெழுத்துண்ணே," என்று உதவித் தலைவரை உலுக்கினார், அவர் கண்ணைத் திறக்காமல், "யாரு செயிச்சது?" என்றார். பதினாறு. உதவித் தலைவர் பேனாவை வாங்கித் தலைகீழாகப் பிடித்தார், திருப்பிக் கொடுத்தார்கள், போட்டுவிட்டார். பதினேழு என்று படிக்கட்டு கத்தியபோது சவரிமுத்து எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. ஒரு படி. கால் இருக்கிறது. இரண்டு படி. நோட்டு இருக்கிறது. மூன்றாவது படி உயரம் கூடுதல், கட்டியவன் கை பிசகு, முப்பத்தொரு வருஷமாகத் தெரியும், ஆட்டத்தின் நடுவே இறங்கிப் பார்த்ததில்லை. பேனா முனை தாளில் பட்டுவிட்டது.

"தம்பி, கையெழுத்துப் போடாதீங்க."

குரல் எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் தேடினார்கள். பாதிப் பேருக்கு அந்தக் குரலைத் தெரியாது. ராஜமாணிக்கம் அண்ணாந்தார். "என்னண்ணே? நீங்களா பேசுனீங்க?" "பிரிட்டோ இருந்தது அம்பத்தெட்டு நிமிஷம். அந்த ஓரமா வந்தது ரெண்டு. அவன் போயி இருவத்தாறு நிமிஷம். வந்தது பதினேழு." நோட்டை நீட்டினார். ராஜமாணிக்கம் பார்த்தார். நாலு கோடும் குறுக்கே ஒரு கோடுமாக மூன்று கட்டு, தனியாக இரண்டு கோடு. மேலே, தனியாக இரண்டே இரண்டு. வைத்தியும் எட்டிப் பார்த்தார். "இவுங்க இவ்ளோ நேரம் எண்ணுனது இதையா?" "ஆமாங்க." "நான் கைய ஆட்டிக்கிட்டுல்ல இருந்தேன்!" என்றார் செயலாளர். பின்னால் துரைக்கண்ணு சிரித்துத் தொலைத்தான். ராஜமாணிக்கத்தின் காது சிவந்தது. "அப்ப அந்தப் பதினாலு?" "அதும் சரிதான். அவன் இருக்குற பக்கம் எவனும் பந்தக் கொண்டுக்கிட்டு வர மாட்டான். அப்பறம் எப்பிடித் தொடுவான்?" ராஜமாணிக்கம் பேனாவை மூடவில்லை, எழுதவும் இல்லை. "இத ஏண்ணே அன்னிக்கே சொல்லல?" சவரிமுத்துவுக்கு வாயில் டீ எதுவும் இல்லை. "நீங்க கேட்டது அது இல்ல. நானும் கேட்டதுக்கு மட்டும் சொன்னேன். தப்புதான்." செயலாளர் குனிந்து சாக்கு மூட்டையைத் தடவினார், விட்டுப்பிரிய மனமில்லாமல். "வல நல்ல வலண்ணே. நைலான்." "நல்ல வலதான்," என்றார் சவரிமுத்து. அப்புறம், யோசிக்காத, எண்ணிப் பார்க்காத ஒரு வாக்கியம் தானாக வந்தது. "பிரிட்டோ இருந்தா வல கிழிஞ்சே இருக்கட்டும் தம்பி. பந்து அது வரைக்கும் போகாது." ஆட்டோ ஸ்டாண்டு விசில் அடித்தது. ரெஜினா, "என்னா வல? எவன் போறான்? டேய் பிரிட்டோ, என்னடா இது?" என்று எழுந்து வரத் தொடங்கியிருந்தாள், குடையை ஆயுதமாகப் பிடித்துக்கொண்டு. ராஜமாணிக்கம் அந்தக் குடையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், தாளை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். "யோவ் கரூரு, மூட்டையத் தூக்கிக்கய்யா. எங்களுக்கு இப்ப வல தேவப்படல."

திரும்பி மூன்று படி ஏறுவது இறங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், ஜலீல் பாய் கேட்காமலே ஒரு டீ கொடுத்தார், ஓரத்தில் பிரிட்டோ எழுந்து நின்றிருந்தான், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள், அதில் எல்லாம் பேசியாகிவிட்டது. உட்கார்ந்ததும்தான் ஒரு பயம் முதுகில் ஏறியது. மணி ஐந்து முப்பத்தெட்டு. கீழே நின்று பேசியது நாலு நிமிஷம். நாலு நிமிஷம் எண்ணவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் காய்ச்சலிலும் மழையிலும் விடாதது. வெற்றுத் தாள் அவரைப் பார்த்து இளித்தது. "துரைக்கண்ணு," என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார், அதுவும் இன்றுதான். "நான் கீழ இருக்கும்போது இடது ஓரம் எத்தன வந்துச்சு?" துரைக்கண்ணு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ரெண்டுண்ணே. ஒண்ணு சலீம் புடிச்சான், ஒண்ணு நாய் மேல பட்டு வெளிய போச்சு." "ஆமாடா," என்றான் மைத்துனன், இந்தத் தடவை சாட்சியாக. சவரிமுத்து இரண்டு கோடு போட்டார். பக்கத்தில் சின்னதாக, துரைக்கண்ணு சொன்னபடி, என்று எழுதினார். இன்னொருவர் எண்ணியது அந்த நோட்டில் ஏறுவது அதுவே முதல் தடவை, ஏறிவிட்டுப் போகட்டும் என்று இருந்தது. அதற்குள் இன்னொன்று வந்தது, குணாளன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தலையால் முட்டித் தள்ளினான், படிக்கட்டே எழுந்து, "இருவது!" என்றது, விசில் ஊதினார்கள். ஒன்று பூஜ்யம். தெருவில் கரூர் ஆளின் மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்து போனது. சவரிமுத்து எழுந்திருக்கவில்லை. ஆட்டோக்காரர்கள் போனார்கள், குடை போனது, டீ கேன் போனது. செயலாளர் கீழேயிருந்து, "அண்ணே, வாங்க போவோம்," என்று கூப்பிட்டதற்கும் கையைக் காட்டினார். கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டது, ஆறு. இனி யாரும் எங்கும் போக முடியாது. பென்சிலைத் திருகிக் கூராக்கி, புதிய பக்கத்தில் ஆட்டக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினார், பிரிட்டோவின் பெயரைக் கொஞ்சம் அழுத்தி. கூட்டினார். ஒரு தடவைதான் கூட்டினார், சரிபார்க்கவில்லை. மிச்சம் பதினெட்டு.